விண்ணிலேயே முடிவெடுக்கும் சிறு செயற்கைக்கோள்கள்: நரம்பியல் வலையமைப்புச் சிப்கள் எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன?

பூமியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் மேகத்தால் மூடப்பட்டிருக்கிறது. விண்ணிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு இது பெரும் இழப்பு. பயிரையோ, வெள்ளத்தையோ, காட்டுத் தீயையோ காண்பதற்காக எடுக்கப்பட்ட படங்களில் பல, வெறும் வெண்மேகத்தையே காட்டுகின்றன. அந்தப் படங்களும் மற்றவற்றைப் போலவே சேமிக்கப்பட்டு, மின்சாரம் செலவிட்டுத் தரைக்கு அனுப்பப்படுகின்றன. பயனற்றவை என்று ஒதுக்கப்படுவது அதன் பின்னரே.

இந்த வீண்செலவை விண்ணிலேயே தடுத்துவிட முடியுமா என்ற கேள்வி, கணினிப் பொறியியலில் ஒரு தனித் துறையை உருவாக்கியுள்ளது. காலணிப் பெட்டியைவிடச் சற்றே பெரிய செயற்கைக்கோளுக்குள், எடுத்த படத்தைத் தானே பார்த்து 'இது தேவை, இது தேவையில்லை' என்று தீர்மானிக்கும் சிப்பைப் பொருத்துவதே இத்துறையின் பணி. அந்தச் சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம், இரவு விளக்காக எரியும் சிறு எல்.ஈ.டி. பல்புக்குத் தேவையான அளவுதான். பழுதானால் சென்று பழுதுபார்க்க ஆளில்லை. அது வேண்டாம் என்று அழித்துவிட்ட படத்தை மீட்கவும் வழியில்லை.

ஃபை-சாட்-1: தொடக்கம்

இந்திய நேரப்படி 2020 செப்டம்பர் 3 காலை, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து வேகா ராக்கெட் 53 செயற்கைக்கோள்களுடன் புறப்பட்டது. அவற்றுள் ஒன்றில், ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'ஃபை-சாட்-1' என்ற சோதனைக் கருவி இடம்பெற்றிருந்தது. ஒளியைப் பல நுண்ணிய அலைப்பட்டைகளாகப் பிரித்துப் பதிவு செய்யும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராவும், அதனுடன் இணைந்த இன்டெல் நிறுவனத்தின் 'மிரியட் 2' என்ற சிப்பும் அதில் இருந்தன.

மிரியட் 2 விண்வெளிக்காகத் தயாரிக்கப்பட்ட சிப் அன்று. அயர்லாந்தில் தொடங்கப்பட்டு, பின்னர் இன்டெல் வாங்கிய மொவிடியஸ் நிறுவனம், ட்ரோன்களுக்கும் கேமராக்களுக்கும் உருவாக்கிய சிப் அது. 2018-இன் இறுதியில் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 36 மணி நேரம் தொடர்ச்சியாகக் கதிர்வீச்சுக் கற்றையின் முன் வைத்துச் சோதிக்கப்பட்டு, தேர்ச்சி பெற்ற பின்னரே விண்ணுக்கு அனுப்பப்பட்டது.

அந்தச் சிப்பில் இயங்கிய நரம்பியல் வலையமைப்பின் பெயர் 'கிளவுட்ஸ்கவுட்'. இத்தாலியின் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தனர். ஒரு படத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மேகம் இருந்தால் அதை ஒதுக்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட பணி. அந்த வலையமைப்பின் அளவு 2.1 மெகாபைட். ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்ல அதற்குத் தேவைப்பட்டது 325 மில்லி நொடி. செலவான மின்திறன் 1.8 வாட். அதாவது, ஒரு முடிவுக்கு ஏறத்தாழ 0.6 ஜூல் ஆற்றல். தரைக்கு அனுப்ப வேண்டிய தரவில் சுமார் 30 சதவீதம் இதனால் மிச்சமாகும் என்று இன்டெல் நிறுவனம் அப்போது தெரிவித்தது.

விண்ணில் ஆழ்கற்றல் வலையமைப்பு இயங்கியது இதுவே முதல்முறை என்று ஃபை-சாட்-1 அறிமுகப்படுத்தப்படுவதுண்டு. 'ஆழ்கற்றல்' என்ற சொல்லை அழுத்திப் படித்தால் அது சரியே. ஆனால் சிறு செயற்கைக்கோளில் நரம்பியல் வலையமைப்பைப் பொருத்திப் பார்க்கும் முயற்சி அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே நடந்துள்ளது. அந்தச் செயற்கைக்கோள் புறப்பட்ட இடம் ஸ்ரீஹரிகோட்டா. 2001 அக்டோபர் 22 அன்று இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட், இந்தியாவின் டி.இ.எஸ். செயற்கைக்கோளுடன் இரண்டு ஐரோப்பியச் சிறு செயற்கைக்கோள்களையும் சுமந்து சென்றது. அவற்றுள் ஜெர்மனியின் 92 கிலோ எடையுள்ள 'பேர்ட்', காட்டுத் தீயைக் கண்டறியும் அகச்சிவப்புக் கேமராக்களைக் கொண்டது. படத்தை விண்ணிலேயே நரம்பியல் வலையமைப்பு முறையில் வகைப்படுத்திப் பார்ப்பதும் அதன் சோதனை நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. எண்ணம் பழையது, அதற்கேற்ற சிப்கள்தான் தாமதமாக வந்தன.

பத்து நிமிடத்தில் எவ்வளவு அனுப்பலாம்?

இத்தகைய சிப்பின் தேவையை எளிய கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், ஏறத்தாழ 95 நிமிடங்களில் பூமியை ஒருமுறை வலம் வருகிறது. ஒரு தரைநிலையத்தின் பார்வைக்குள் அது இருக்கும் நேரம், நேர்மேலாகக் கடக்கும்போதுகூடச் சுமார் பத்து நிமிடங்களே. எல்லாச் சுற்றிலும் அது அதே நிலையத்தின் மேல் வருவதும் இல்லை.

நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் தரவு அனுப்பும் வானொலிக் கருவி செயற்கைக்கோளில் இருப்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்தில் அது அனுப்பக்கூடியது 600 கோடி பிட்கள், அதாவது 750 மெகாபைட். இப்போது கேமராவின் பக்கம் வருவோம். ஒரு கோடி புள்ளிகள் கொண்ட காட்சியை 50 அலைப்பட்டைகளில், புள்ளி ஒன்றுக்கு 12 பிட் வீதம் பதிவு செய்தால், சேரும் தரவும் அதே 600 கோடி பிட்கள். ஒரே ஒரு காட்சியை அனுப்ப ஒரு முழுச் சந்திப்பும் செலவாகிவிடுகிறது. கேமராவோ நாள் முழுவதும் படமெடுக்க வல்லது. தரவைச் சுருக்கி அனுப்பினால் நிலைமை சற்றுச் சீராகும். ஆனால் மேகத்தை எவ்வளவு சுருக்கினாலும் அது மேகம்தான்.

பெரிய செயற்கைக்கோள்கள் பெரிய ஆன்டெனாவையும் வலிமையான ஒலிபரப்பியையும் கொண்டு இதைச் சமாளிக்கின்றன. 1999-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் பாப் ட்விக்ஸ், ஜோர்டி புயிக்-சுவாரி ஆகியோர் வகுத்த 'கியூப்சாட்' அளவுமுறையைப் பின்பற்றும் சிறு செயற்கைக்கோள்களுக்கு அந்த வசதி இல்லை. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமே அதன் அடிப்படை அலகு. ஆறு அலகுகள் சேர்ந்த செயற்கைக்கோள் சுமார் 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. கேமரா, மின்கலம், வானொலி, திசை திருப்பும் சக்கரங்கள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

பெருக்கலும் கூட்டலும்

படத்தை வகைப்படுத்தும் நரம்பியல் வலையமைப்பு மூளையைப் போன்றது என்று சொல்லப்படுவதுண்டு. சிப் வடிவமைப்பாளருக்கு அந்த உவமையால் பெரிய பயன் இல்லை. அவர் காண்பது இரண்டே செயல்களை: ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்குவது, விடையை முந்தைய தொகையுடன் கூட்டுவது. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சிறு சல்லடை நகர்கிறது. ஒன்பது புள்ளிகளை ஒன்பது எடை எண்களால் பெருக்கிக் கூட்டி ஒரு விடையைத் தருகிறது. இத்தகைய சல்லடைகள் பல ஓர் அடுக்கிலும், அத்தகைய அடுக்குகள் பல ஒன்றன்மேல் ஒன்றாகவும் அமைந்ததே வலையமைப்பு. மேகத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு, பயிற்சியின்போது கண்டறியப்பட்ட அந்த எடை எண்களில் அடங்கியிருக்கிறது.

பெருக்கல்கள் கோடிக்கணக்கில் நடப்பதால், பெருக்கும் சுற்றே அதிக மின்சாரத்தைத் தின்னும் என்று தோன்றலாம். உண்மை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட, இத்துறையினர் இன்றும் எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு. 45 நானோமீட்டர் தொழில்நுட்பச் சிப்பில், 8 பிட் முழு எண்கள் இரண்டைப் பெருக்க 0.2 பிக்கோஜூல் ஆற்றல் போதும். 32 பிட் பதின்ம எண்களைப் பெருக்க 3.7 பிக்கோஜூல் தேவை. ஆனால் சிப்புக்கு வெளியே உள்ள டிராம் நினைவகத்திலிருந்து ஒரே ஒரு 32 பிட் எண்ணைக் கொண்டுவர ஆகும் செலவு சுமார் 640 பிக்கோஜூல். வேலையைவிட, வேலை செய்யுமிடத்துக்குச் சரக்கைக் கொண்டுவரும் கூலி நூறு மடங்குக்கும் மேல்.

விண்வெளிக்கான நரம்பியல் வலையமைப்புச் சிப் வடிவமைப்பின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமைகிறது. ஒருமுறை உள்ளே கொண்டுவந்த எண்ணை முடிந்தவரை பலமுறை பயன்படுத்திவிட்டே வெளியே விட வேண்டும். 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரே சல்லடை ஏறத்தாழ 2.6 லட்சம் இடங்களில் பயன்படுகிறது. எனவே எடை எண்களைப் பெருக்கும் சுற்றுகளின் அருகிலேயே நிறுத்திவைத்து, படத்தின் புள்ளிகளை மட்டும் அவற்றின் வழியே ஓடவிடலாம். அல்லது விடையை ஓரிடத்தில் நிறுத்தி, மற்ற இரண்டையும் ஓடவிடலாம். பெருக்கும் சுற்றுகளை வரிசை வரிசையாக அடுக்கி, ஒன்றின் விடையை நினைவகத்துக்கு அனுப்பாமல் அடுத்ததற்கு நேரடியாகக் கைமாற்றும் முறையும் உண்டு. 1970-களின் இறுதியில் எச்.டி. குங், சார்லஸ் லைசர்சன் ஆகியோர் முன்வைத்த அமைப்பு அது. இதயம் இரத்தத்தை உந்துவதைப் போலத் தரவைத் தாளம் தவறாமல் உந்துவதால், இதயத் துடிப்பைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர். கூகுளின் முதல் டி.பி.யூ. சிப்பில் 256-க்கு 256 என்று 65,536 பெருக்கும் சுற்றுகள் இவ்வாறே அடுக்கப்பட்டிருந்தன. மறுபுறம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 2016-இல் உருவான 'ஐரிஸ்' என்ற சோதனைச் சிப், 168 சுற்றுகளை மட்டுமே கொண்டு, தரவு நகர்வைக் குறைத்து, கால் வாட்டுக்குச் சற்றே அதிகமான மின்திறனில் நொடிக்கு 35 படங்களைப் பரிசீலித்துக் காட்டியது. சிறு செயற்கைக்கோளுக்கு வழிகாட்டுவது டி.பி.யூ.வின் எண்ணிக்கை அன்று, இந்தச் சிக்கனம்.

எண்ணைச் சுருக்குவது இரண்டாவது உத்தி. ஆய்வுக்கூடத்தில் வலையமைப்புகள் பெரும்பாலும் 32 பிட் எண்களைக் கொண்டு பயிற்றப்படுகின்றன. கிளவுட்ஸ்கவுட் 16 பிட் எண்களுக்குச் சுருக்கப்பட்டு மிரியட் 2-இல் இயங்கியது. பல வலையமைப்புகள் 8 பிட்டிலும் பெரிய இழப்பின்றி இயங்குகின்றன. நினைவகம் கால்பங்காகிறது, பெருக்கும் செலவு, மேற்சொன்ன கணக்கின்படி, பதினெட்டில் ஒரு பங்காகிறது. கேமரா தரும் அனைத்து அலைப்பட்டைகளையும் வலையமைப்புக்கு ஊட்டாமல், மேகத்தை அடையாளம் காணப் போதுமான மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்ததும் கிளவுட்ஸ்கவுட் குழுவினரின் சிக்கனமே.

சிறிய வலையமைப்புக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அது பெரிதாகப் பேசப்படுவதில்லை. தரையிலிருந்து விண்ணுக்குக் கட்டளை அனுப்பும் வழி, விண்ணிலிருந்து தரைக்கு வரும் வழியைவிடப் பொதுவாகக் குறுகியது. நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள பழைய பாணி இணைப்பில் 2.1 மெகாபைட்டை ஏற்றுவதற்கே ஏறத்தாழ அரை மணி நேரம், அதாவது மூன்று சந்திப்புகள் தேவை. பிழையைக் கண்டறிந்து வலையமைப்பை மீண்டும் பயிற்றி அனுப்ப வேண்டியிருந்தால், நூறு மெகாபைட் வலையமைப்பு அங்கே சுமையாகிவிடும்.

எந்தச் சிப்?

வடிவமைப்பாளரின் முன் மூன்று பாதைகள் உள்ளன. முதலாவது, மிரியட் 2 போலச் சந்தையில் கிடைக்கும் சிப்பை வாங்கிச் சோதித்து அனுப்புவது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட பிளானட் நிறுவனத்தின் 'பெலிக்கன்-2' செயற்கைக்கோளில் என்விடியாவின் ஜெட்சன் சிப் சென்றது இவ்வகையே. மென்பொருள் கருவிகள் தயாராக இருப்பதால் வேலை விரைவில் முடிகிறது.

இரண்டாவது, எஃப்.பி.ஜி.ஏ. வகைச் சிப். தொழிற்சாலையிலிருந்து வந்த பின்னரும் உள்ளிணைப்புகளை விரும்பியவாறு மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பதால், நம் வலையமைப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த சுற்றை அதில் உருவாக்கலாம். விண்ணுக்குச் சென்ற பின்னரும் அதை மாற்றலாம். கிளவுட்ஸ்கவுட் வலையமைப்பையே எஃப்.பி.ஜி.ஏ.வில் அமைத்துப் பீசா ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டனர். எஃப்.பி.ஜி.ஏ. விரைவாக முடிவு சொன்னது; ஆனால் கூடுதல் மின்சாரம் கேட்டது, உருவாக்கவும் அதிகக் காலம் பிடித்தது. மூன்றாவது பாதை, இந்த ஒரு பணிக்கென்றே சிப்பைத் தொடக்கம் முதல் வடிவமைத்து வார்ப்பது. மின்சிக்கனத்தில் இதற்கு ஈடில்லை. ஆயினும், சில செயற்கைக்கோள்களுக்காக அவ்வளவு செலவை ஏற்க எவரும் எளிதில் முன்வருவதில்லை.

ஒற்றைத் துகள் செய்யும் மாற்றம்

தரையில் எவ்வளவு சிறந்த சிப்பாக இருந்தாலும், விண்ணில் அதற்கு ஒரு பகை உண்டு. சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் மின்னேற்றத் துகள்கள் சிலிக்கானை ஊடுருவும்போது, வழியெங்கும் மின்னூட்டத்தை விட்டுச் செல்கின்றன. அது ஒரு நினைவகச் செல்லில் விழுந்தால் 0 என்பது 1 ஆகிவிடும். பிரேசில் கரைக்கு அருகே, பூமியின் காந்தப் புலம் வலுவிழந்த 'தெற்கு அட்லாண்டிக் முரண்பகுதி'யைக் கடக்கும் போதெல்லாம் தாழ் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் இதை அதிகம் எதிர்கொள்கின்றன.

கிளவுட்ஸ்கவுட்டின் 2.1 மெகாபைட்டில் ஏறத்தாழ 1.68 கோடி பிட்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மாறினால் என்ன ஆகும்? நரம்பியல் வலையமைப்பு சிறு பிழைகளைத் தாங்கும் இயல்புடையது என்பது உண்மை. ஆனால் அந்தத் தாங்குதிறன் எல்லாப் பிட்களுக்கும் சமமன்று. பதின்ம எண்ணின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும் பிட் மாறினால் எவருக்கும் தெரியாது. அதே எண்ணின் அடுக்கைக் குறிக்கும் முதன்மைப் பிட் மாறினால், 0.02 என்றிருந்த எடை திடீரென்று பல்லாயிரம் மடங்கு பெருகி, அதன் பின் வரும் படங்கள் அனைத்தையும் மேகம் என்றோ, மேகமே இல்லை என்றோ சொல்ல வைத்துவிடும். சிப் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. முற்றிலும் செயலிழந்த சிப்பைவிட இதுவே ஆபத்தானது என்று கருத இடமுண்டு.

மரபான தீர்வு, ஒரே சுற்றை மூன்று முறை அமைத்துப் பெரும்பான்மை வாக்கை ஏற்பது. மூன்று மடங்கு மின்சாரம் தேவைப்படும் இந்த ஆடம்பரத்தைச் சிறு செயற்கைக்கோளால் தாங்க முடியாது. எனவே பாதுகாப்பைப் பங்கிட்டு அளிக்கின்றனர். முடிவைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் எடை எண்களின் முதன்மைப் பிட்களுக்கும் முழுக் காவல். மற்றவற்றுக்குப் பிழை திருத்தும் குறியீடு மட்டும், அல்லது அதுவும் இல்லை. எடை எண்களின் மூலப்பிரதியைப் பாதுகாப்பான நினைவகத்தில் வைத்து, குறித்த இடைவெளியில் மீண்டும் எழுதுவதும் வழக்கம்.

எஃப்.பி.ஜி.ஏ.வில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே மாறும் பிட் தரவைச் சேர்ந்ததாக இல்லாமல், சுற்றின் அமைப்பையே குறிப்பதாக இருக்கலாம். பெருக்கும் சுற்று பெருக்கும் சுற்றாகவே இராது. ஃபிளாஷ் நினைவகத்தில் அமைப்பைச் சேமிக்கும் வகைகள் இதிலிருந்து பெரிதும் தப்புகின்றன. ஒரே துகளால் சிப்புக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் ஏறினால், சிப் கருகிப்போகும் முன் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தரும் காவல் சுற்று அவசியம். சந்தைச் சிப்பை விண்ணுக்கு அனுப்பும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்ணில் காற்று இல்லாததால் மின்விசிறி பயன்படாது. வெப்பம் சட்டகத்தின் வழியே பரவி, கதிர்வீச்சாகவே வெளியேற வேண்டும். 30-க்கு 20 சென்டிமீட்டர் பக்கம் ஒன்று, அறை வெப்பநிலையில், வெயில் படாத நிலையில், அதிகபட்சமாக வெளியேற்றக்கூடியது சுமார் 27 வாட். 'விண்வெளியில் தரவு மையம்' என்று இப்போது பரவலாகப் பேசப்படும் திட்டங்கள் வேறு கணக்கைச் சேர்ந்தவை. அவற்றுக்கு விரிந்த வெப்பத் தகடுகளும் பெரிய சூரிய மின்தகடுகளும் தேவை. அவற்றை இச்சிறு செயற்கைக்கோள்களுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இந்தியாவில்

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60, ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை விட்ட பின்னர், அதன் இறுதிக்கட்டமே 'போயம்-4' என்ற சோதனை மேடையாகச் சுற்றுப்பாதையில் இயங்கியது. அதில் இருந்த 24 கருவிகளுள் ஒன்று, ஹைதராபாதைச் சேர்ந்த டேக்மீ2ஸ்பேஸ் நிறுவனத்தின் 'எம்.ஓ.ஐ.-டி.டி.' செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கருவி. தரையிலிருந்து வலையமைப்பை விண்ணுக்கு ஏற்றி, அங்கேயே இயக்கி, விடையை மட்டும் பெறும் முறையைச் சோதிப்பது அதன் நோக்கம்.

அதே போயம்-4-இல் 'விக்ரம் 3201' என்ற 32 பிட் நுண்செயலியும் சோதிக்கப்பட்டது. இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டீகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய சிப் அது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் அறிவித்த மற்றொரு 'ஐரிஸ்', சக்தி வரிசையைச் சேர்ந்த விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சிப். வடிவமைப்பு சென்னையில், வார்ப்பு சண்டீகரில். பெயர் ஒற்றுமையைத் தவிர எம்.ஐ.டி.யின் ஐரிஸுடன் இதற்குத் தொடர்பில்லை.

சண்டீகரில் தயாராகும் சிப்கள் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை. மிரியட் 2-இன் தொழில்நுட்பமோ 28 நானோமீட்டர். ராக்கெட்டைச் செலுத்தவும் செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்தவும் 180 நானோமீட்டர் தாராளமாகப் போதும்; நம்பகத்தன்மையே அங்கு முதன்மை. ஆனால் எடை எண்களைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு நினைவகத்தை அந்த அளவில் அடக்க முடியாது. வெளியே வைத்தாலோ, ஹோரோவிட்ஸின் 640 பிக்கோஜூல் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும். குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனமும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் அமைக்கும் ஆலையின் திட்டத்தில் 28 நானோமீட்டர் இடம்பெற்றுள்ளது. அது வரும்வரை, வெளிநாட்டு நரம்பியல் வலையமைப்புச் சிப்பை வேலைக்கும் உள்நாட்டுக் கட்டுப்பாட்டுச் சிப்பைக் காவலுக்கும் வைத்து, முன்னது தடுமாறினால் பின்னது அதை அணைத்து மீண்டும் இயக்கும் ஏற்பாடே நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

அழிக்கப்பட்ட படம்

கிளவுட்ஸ்கவுட்டின் துல்லியம் சோதனைப் படங்களில் 92 சதவீதம். எஞ்சிய எட்டில் இருவகைப் பிழைகள் உண்டு. மேகப் படத்தைத் தெளிவானது என்று அனுப்பிவிட்டால், இழப்பு சிறிது அலைவரிசை. தெளிவான படத்தை மேகம் என்று ஒதுக்கிவிட்டால், அந்தக் காட்சி மீண்டும் கிடைக்காது. ஆகவே, பயிற்சியின்போதே இரண்டாவது பிழைக்குக் கூடுதல் தண்டனை வைத்து, அதை 1 சதவீதத்துக்குக் குறைத்தனர். கேமரா அதுவரை விண்ணுக்குச் செல்லாததால், சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களை அந்தக் கேமராவின் பார்வைக்கு ஏற்ப மாற்றியே பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியில் காணாத நிலப்பரப்பு எப்போதும் ஐயத்துக்குரியது. இமயப் பனியும் கட்ச் உப்புவெளியும் மேகத்தைப் போலவே வெண்மையாக ஒளிர்பவை.

வலையமைப்பு பிழையே செய்யாவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அசாம் மீது கடக்கும் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் 75 சதவீதம் மேகம் என்று கொள்வோம். 70 சதவீத விதிப்படி அது ஒதுக்கப்பட வேண்டியதே. ஆனால் எஞ்சிய கால்பங்கில், மேகத்தின் இடைவெளியில், பிரம்மபுத்திரா கரை உடைந்த இடம் தெரிந்திருக்கக் கூடும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ஆர்.ஐ.சாட்-1ஏ, நிசார் போன்ற ராடார் செயற்கைக்கோள்கள் இருப்பினும், அவை அந்த நிமிடத்தில் அவ்விடத்தின் மேல் இருக்கும் என்ற உறுதியில்லை.

இதனால் படத்தை முழுமையாக ஏற்பதோ மறுப்பதோ என்றில்லாமல், சிறு கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி முடிவெடுக்கும் முறை விரும்பத்தக்கதாகிறது; கட்டங்கள் கூடக்கூடச் சிப்பின் வேலையும் கூடும். 2024 ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட ஃபை-சாட்-2, மேகத்தைக் கண்டறிவதுடன் கப்பலைக் கண்டறிதல், காட்டுத் தீயை உணர்தல், படத்தைச் சுருக்குதல் ஆகியவற்றுக்கான வலையமைப்புகளையும் ஏற்றிச் சென்றது. புதிய வலையமைப்புகளைத் தரையிலிருந்து அனுப்பி மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. ஒதுக்கப்பட்ட படத்தை உடனே அழிக்காமல், நினைவகத்தில் இடமுள்ளவரை வைத்திருந்து, சில கிலோபைட் அளவுள்ள மாதிரிப் படத்தை மட்டும் தரைக்கு அனுப்பி, அங்குள்ளவர் கேட்டால் முழுப் படத்தையும் தரும் ஏற்பாட்டையும் இத்தகைய செயற்கைக்கோள்களில் அமைக்க முடியும். ஒரு மாதிரிப் படத்தை அனுப்ப ஆகும் நேரம், நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது.